சார் விட்டுக்கொடுத்த இடம்

ஜெபசீலி டீச்சர் தாம்பரத்தில் இறங்கி, ஜன்னலோரமாக வந்து இன்னொரு தடவை கையை ஆட்டிவிட்டு, கூட்டத்தோடு படியேறிப் போயாகிவிட்டது. வண்டியும் கிளம்பிவிட்டது. செண்பகவல்லியின் முகத்தில் மட்டும் டீச்சருக்காக வரவழைத்த சிரிப்பு அப்படியே நின்றிருந்தது. அதை எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல் வாயைத் துடைப்பதுபோல் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். எதிர்ப் பலகையில் ஒரு பெண் கைப்பேசியைப் பார்த்துத் தன்பாட்டில் சிரித்துக்கொண்டிருந்தாள். பெண்கள் பெட்டியில் யாரும் இவளைக் கவனிக்கவில்லை, அந்த மட்டும் நல்லது. விட்டுக்கொடுத்தாங்க. அந்தச் சொல்தான் போக மறுத்தது. சற்று முன்னால் கூடுவாஞ்சேரியில் ஏறி உட்கார்ந்து, மூச்சு வாங்குவதற்குள் பக்கத்தில் ஒரு குரல். "யக்கா, நீங்க கோவில்பட்டி பிசிக்ஸ் சார் வீட்டம்மாதான? ஸ்கூல் ஆண்டு விழாவுல உங்களப் பார்த்திருக்கேன். நான் எட்டயபுரத்துல பிசிக்ஸ் எடுத்தேன். இப்ப இங்கனதான், மறைமலைநகர் பக்கம். இன்னைக்குத் தாம்பரத்துல ஒரு டிரெயினிங்." ஊர்ப்பேச்சைக் கேட்டதும் செண்பகவல்லிக்கு உடம்பே குளிர்ந்துவிட்டது. பதினோரு மாதமாக இந்தப் பட்டணத்து ரயிலில் போய்வருகிறாள், 'யக்கா' என்று யாரும் கூப்பிட்டதில்லை. நகர்ந்து இடம் கொடுத்தாள், நல்லா இருக்கீங்களா என்று கேட்டாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பார்த்தா கால்ல விழணும்னு நினைச்சிருந்தேன்க்கா" என்றாள். எதற்கு? "மாறுதல் கலந்தாய்வுலதான். எங்க வீட்டுக்காரர் இங்க கம்பெனியில, நான் அங்கன கைப்பிள்ளையோட ரெண்டு வருஷம் கிடந்தேன். சார் எனக்கு முன்னால வரிசையில. ஸ்கிரீன்ல இந்த ஒரு இடந்தான் இருந்துச்சு. சாரக் கூப்பிட்டதும் எனக்குப் போச்சுன்னு அழுகை வந்துருச்சு. சார் போயி விருப்பமில்லன்னு எழுதிக் கொடுத்துட்டு, திரும்பி வரும்போது, போம்மா, உனக்குத்தான் தேவைன்னாங்க. இந்தக் காலத்துல யாருக்கா விட்டுக்கொடுப்பா? சார் விட்டுக்கொடுத்தாங்க. சார் உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்களே?" செண்பகவல்லி சொன்னாள்: "ம், சொன்னாங்க." ஏன் அப்படிச் சொன்னாள்? யோசிக்கவே இல்லை. சேலை விலகினால் கை தானாகப் போய் இழுத்துவிடுவதுபோல வாய் போய் அவரை மூடிவிட்டது. "பெரிய மனசுக்கா உங்க ரெண்டு பேருக்கும்" என்று டீச்சர் ஊரப்பாக்கத்திலிருந்து பெருங்களத்தூர்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். பிள்ளைக்கு இப்போது மூன்று வயதாம். அப்பாவின் தோளை விட்டு இறங்குவதில்லையாம்.

சானடோரியம் வந்து போனது. கலந்தாய்வு நடந்தது ஆடி பிறந்து மூன்றாம் நாள், அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று முழுக்க அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. மேஜையில் விரித்த வரைபடத்தில் ஒரு தெருவை இரண்டு முறை போட்டு அழித்தாள். பதவி உயர்வு கொடுத்துச் சென்னைக்கு அனுப்பிய நாளிலிருந்து அவள் காத்திருந்ததே அந்த ஒரு நாளுக்காகத்தான். "நீ முதல்ல போ. நீ அங்க வேலை பார்த்தாத்தான் எனக்குக் கலந்தாய்வுல முன்னுரிமை. நீ போகலன்னா ரெண்டு பேரும் இங்கயே உட்கார்ந்து வயசாகிப் போவோம்" என்று அவர்தான் கணக்குப் போட்டுச் சொன்னார், கரும்பலகையில் சூத்திரம் போடுவதுபோல, ஒன்றின் கீழ் ஒன்றாக. மார்ச்சில் நீ, ஜூலையில் நான், என்னோடு நிரஞ்சனா. மகள் அப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் ஏழரை மணிக்கு அவர் கூப்பிட்டார். கூடுவாஞ்சேரி கடைத்தெருவில் வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தார்கள், ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "இல்லம்மா. ஸ்கிரீன்ல காட்டவே இல்ல. எனக்கு முன்னாலயே எல்லாம் போயிருச்சு." அவர் குரல் சோர்ந்திருந்தது. சோர்ந்துதான் இருந்தது, சத்தியமாக. இல்லை, சோர்ந்ததாக இவள் நினைத்துக்கொண்டாளா? இவள் என்ன சொன்னாள் அப்போது? நடுத்தெருவில் நின்று அவருக்கு ஆறுதல் சொன்னாள். விடுங்க, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், நீங்க மனசத் தளர விடாதீங்க, இதுக்காகச் சாப்பிடாம இருந்துராதீங்க, தோசை மாவு இருக்கான்னு பாருங்க. அவர் "ம்" என்றார். அந்த 'ம்'மைத்தான் இப்போது அவளால் தாண்டிப் போக முடியவில்லை. பொய் சொன்னதுகூட இருக்கட்டும். பொய் சொல்லிவிட்டு, அந்தப் பொய்க்கு இவள் சொன்ன ஆறுதலையும் வாங்கிக்கொண்டாரே. கையை நீட்டி வாங்கிக்கொண்டாரே. அன்று காலையில்தான் ஒரு பெண்ணிடம் பெரிய மனதுக்காரர் என்று பெயர் வாங்கியிருக்கிறார், சாயங்காலம் இவளிடம் பாவப்பட்டவர் என்று பெயர். ஒரே நாளில் இரண்டு பெயர். குரோம்பேட்டையில் ஏறிய ஒரு பெண் இவள் காலை மிதித்துவிட்டு "சாரிம்மா" என்றாள். பரவாயில்லை என்று சொல்லாமல் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பெட்டி நிறைந்துவிட்டது. யாரோ கட்டி வந்த எலுமிச்சைச் சாதத்தின் வாடை, ஈரக் கூந்தலில் வைத்த மல்லிகை, எவளுடையதோ முழங்கை விலாவில். முதல் மாதம் இந்தக் கூட்டத்தைப் பார்த்து நான்கு வண்டிகளை விட்டுவிட்டு நின்றிருக்கிறாள். அப்புறம் பழகினாள். எப்படிப் பழகினாள் என்று இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். அவளுக்காகவா பழகினாள்? ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு படுக்கையறை வீடு? அவர் வருவார், பிள்ளைக்குப் படிக்க ஒரு அறை வேண்டும். அலுவலகம் எழும்பூரில் இருக்க, ஒன்றேகால் மணி நேரம் தள்ளி ஏன் கூடுவாஞ்சேரியில் குடியிருக்கிறாள்? அந்தப் பக்கத்துப் பள்ளிகளில்தான் காலியிடம் வரும் என்று அவர் சொன்னதால். காலை நடைக்கு அவருக்கு ஏரிக்கரை இருக்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலைந்து பார்த்து வைத்தாள். அவருக்குச் சிக்கரி ஆகாது, தனிக் காப்பித்தூள் அரைத்துத் தரும் கடையை மூன்று தெரு சுற்றிக் கண்டுபிடித்தாள். அவள் காப்பியே குடிப்பதில்லை. முடிவெட்டும் கடை எது சுத்தம் என்று வெளியில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாள், உள்ளேயிருந்த ஆள் என்னம்மா வேணும் என்று கேட்க, ஒன்றுமில்லை என்று ஓடிவந்திருக்கிறாள். நூலகம், பல் டாக்டர், முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கிறவர். இந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த வழியெல்லாம் அவர் நடப்பதற்காக அவள் போட்டு வைத்த வழி. கடற்கரைக்குக்கூட இன்னும் போகவில்லை. எல்லாரும் சேர்ந்து முதல்தடவை போக வேண்டும் என்று விட்டுவைத்திருந்தாள். அலுவலகத்தில் இரண்டு தடவை கூப்பிட்டார்கள், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் தலைக்கு மேலே தாழ்ந்து போனது, பெட்டியே அதிர்ந்தது. விருப்பமில்லை என்று எழுதிய பிறகும், ஆகஸ்டில், செப்டம்பரில், அவர் போனில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்: "அந்த ஏரிக்கரையில வெளக்கு போட்டிருக்கானா?" இவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். போட்டிருக்கிறான், ஆறு கம்பத்தில் நான்கு எரிகிறது. எதற்குக் கேட்டார்? நடக்கப் போகாத கரையில் விளக்கு எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன?

வேறு யாராவது இருக்கிறார்களா? அந்த எண்ணம் வந்தவுடன் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் பள்ளியில் இருக்கிற டீச்சர்களை ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தாள், மாடி வீட்டுக்காரியை நிறுத்திப் பார்த்தாள். யாரும் பொருந்தவில்லை. பொருந்தியிருந்தால் தேவலை என்று ஒரு நொடி தோன்றியது, அது இன்னும் பயமாக இருந்தது. ஒருத்தி இருந்தால் அவளோடு சண்டை போடலாம். ஒருத்தியும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? அவர் யாரையும் வேண்டும் என்று சொல்லவில்லை, இவளை வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார், அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். எழுதிக் கொடுத்தார் என்றதும் அவர் கையெழுத்து கண்ணில் வந்து நின்றது, சாய்வில்லாமல், ஒரு எழுத்து இன்னொன்றைத் தொடாமல். பதவி உயர்வுக்குச் சம்மதம் என்ற கடிதத்தையும் அந்தக் கைதான் எழுதியது. அவள் அடுப்படியில் நின்றுகொண்டு, வேண்டாங்க, இந்தத் தடவை விட்டுருவோம், பிள்ளைக்குப் பரீட்சை வருது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து எழுதி முடித்து, கொண்டுவந்து நீட்டினார். "கையெழுத்து மட்டும் போடு." மாவுக் கையைத் துடைத்துவிட்டுப் போட்டாள். என் வீட்டுக்காரர் மாதிரி உண்டா என்று அன்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஊர் அலுவலகத்தில் பக்கத்து மேஜை ராஜாமணியை அவள் வீட்டில் பதவி உயர்வை மறுக்கச் சொல்லி அடித்தே விட்டார்களாம். இவர் அனுப்பிவைக்கிறார். ஸ்டேஷனுக்கு வந்து, தண்ணீர் பாட்டிலும் நான்கு வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்து, வண்டி நகர்கிற வரைக்கும் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கத்தில் பேச முடியவில்லை என்று நினைத்து விழுப்புரம்வரை அழுதுகொண்டு வந்தாள். இப்போது அந்த முகத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறாள். துக்கமா அது? இல்லை, வண்டி ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்த முகமா? தெரியவில்லை. பத்தொன்பது வருஷமாகப் பார்த்த முகம், இது என்ன என்று கேட்டால் தெரியவில்லை. கிண்டி. யாரோ "இறங்குறீங்களா?" என்று கேட்டார்கள். தலையை ஆட்டினாள், இல்லை.

அப்புறம் நிரஞ்சனா. அந்தப் பக்கம் போகக் கூடாது என்று மனதைத் திருப்பித் திருப்பி வைத்தாள், சைதாப்பேட்டைப் பாலத்தில் வண்டி ஏறியபோது போயேவிட்டது. ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, தலை பின்னிவிடும் நேரத்தில் பிள்ளை சொன்னாள்: "அம்மா, நீ அங்க சின்னதா ஒரு வீடு பார்த்துக்கோயேன். ஆபீஸ் பக்கத்துல. எதுக்கு அவ்வளவு தூரம் அலையுற?" நீங்க ரெண்டு பேரும் வந்தா அதுல எப்படி இருக்குறது என்று இவள் சிரித்தாள். பின்னல் கையிலிருந்து உருவிக்கொண்டு போகிறமாதிரி பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டாள். வலித்துவிட்டதோ என்று இவள் பதறினாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்போதே தெரிந்திருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளை, அம்மாவிடம் சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல், சின்ன வீடு பார்த்துக்கொள் என்று சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறது. இல்லையென்றால்? இல்லையென்றால் அவளும் அப்பாவும் சாப்பிடும்போது பேசிச் சிரித்திருப்பார்களா, அம்மா இன்னும் நம்பிக்கிட்டு இருக்கு என்று? மாம்பலத்தில் கூட்டம் இறங்கியது, பெட்டியில் காற்று வந்தது. வேறு என்னவெல்லாம் பொய்? சாப்பிட்டாச்சு என்றது, காய்ச்சல் இல்லை என்றது, உன் நினைப்பாவே இருக்கு என்று தீபாவளியன்று சொன்னது. ஒன்றை உருவினால் எல்லாம் வந்துவிடும்போல் இருந்தது. யாரிடம் போய்க் கேட்பது? கோவில்பட்டியில் யாரிடம் சொன்னாலும், சாரா, அவரு தங்கமான மனுஷனாச்சே, உன் நல்லதுக்குத்தான் எதாவது செஞ்சிருப்பாரு என்பார்கள். அம்மாவே அப்படித்தான் சொல்வாள். ஊர் முழுக்க அவரிடம் படித்த பிள்ளைகள். மருந்துக் கடையில், வங்கியில், பேருந்தில், எங்கே போனாலும் சார் நல்லா இருக்காங்களா என்று கேட்கிற ஊர்.

எழும்பூரில் இறங்கினாள். மற்ற நாளில் அலுவலகத்துக்கு அரை மணி நேரம் முன்னாலேயே போய்விடுவாள், தாமதமாகிவிடுமோ என்ற பயம் இந்த ஊர் வந்து பிடித்துக்கொண்டது. இன்று நடைமேடையில் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தாள். மணி ஒன்பது ஐந்து. அவருக்குப் பிரேயர் ஒன்பது இருபதுக்கு. போன் போட்டதும் எடுத்துவிட்டார். "சொல்லுமா, ஆபீஸ் போயிட்டியா?" இத்தனைக்கும் பிறகு அந்தக் குரல் அதே குரலாக இருந்தது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "இல்ல, எழும்பூர்ல உட்கார்ந்திருக்கேன். ஒண்ணு கேட்கணும். கலந்தாய்வன்னைக்கு இந்தப் பக்கம் இடமே காட்டலன்னு சொன்னீங்கள்ல?" அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "ஆமா, காட்டவே இல்லியே. ஏன், இந்த வருஷப் பட்டியல் வந்துருச்சா?" செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். "ஜெபசீலி டீச்சர ரயில்ல பார்த்தேன். உங்களுக்கு நன்றி சொன்னா." அந்தப் பக்கம் பிள்ளைகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. சைக்கிள் நிறுத்துமிடத்திலிருந்து நடந்து, வேப்பமரத்துப் பக்கம் ஒதுங்குகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது, இரைச்சல் குறைந்தது. "செண்பகம்" என்றார். கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பெயர். "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ போன ஒரு மாசத்துல எனக்குப் புரிஞ்சுபோச்சு. தனியா இருந்தா நான் நல்லா இருக்கேன். உன்மேல ஒரு குறையும் இல்ல. காலையில எந்திரிச்சா யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், அந்த மாதிரி. நீயும் அங்க நல்லாத்தான் இருக்க. போன்ல உன் குரலே தெளிவா இருக்கு." அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எதிர்த் தண்டவாளத்தில் ஒரு வண்டி வந்து, நின்று, போனது. "நான் நல்லா இருக்கேன்னு நான்ல சொல்லணும்?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் அவளே கேட்டாள்: "நிரஞ்சனாவுக்குத் தெரியுமா?" "தெரியும். நான்தான் சொல்ல வேண்டாம்னேன். உனக்கு வருத்தமா இருக்கும்னுட்டு." "பிள்ளைகிட்டப் போயி அத வச்சீங்களே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஏழு மாசம் அது எப்படிச் சுமந்துச்சு? இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொல்லிருங்க, இனி அம்மாகிட்ட மறைக்க ஒண்ணுமில்லன்னு. அப்புறம் நான் பேசிக்கிடுதேன் அதுகிட்ட." "சரி, நீ வெள்ளிக்கிழமை வண்டிக்கு வா. நேர்ல பேசிக்கலாம்." பதினோரு மாதத்தில் பதினாறு தடவை அவள் போயிருக்கிறாள். அவர் ஒரு தடவைகூட வந்ததில்லை, ஸ்பெஷல் கிளாஸ், தேர்வுத்தாள், முழங்கால். "நான் வரல. நீங்க வாங்க. ராத்திரி முழுக்க ரயில்ல உட்கார்ந்து வந்து, என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க, விருப்பமில்லன்னு. எழுதிக் கொடுக்க வேண்டாம்." "பிரேயர் பெல் அடிச்சிருச்சு" என்றார் அவர். உண்மையிலேயே அடித்தது, அவளுக்கும் கேட்டது. யார் முதலில் வைத்தது என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. எழுந்தபோது எந்தப் பக்கம் வெளியே போவது என்று ஒரு நிமிஷம் குழம்பி, கால் போன பக்கம் போனாள், சரியாகத்தான் போயிருந்தது. அலுவலகம் வந்து சேர்ந்தபோது மணி பத்தே கால். வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மேஜையில் ஏதோ ஒரு ஊரின் மனைப்பிரிவு வரைபடம் விரிந்தபடி கிடந்தது, அதற்கு முன்னால் கைப்பையைத் தோளில் இருந்து எடுக்காமலே உட்கார்ந்தாள். பக்கத்தில் ஷகிலா பானு உட்காருவாள். வியாசர்பாடிக்காரி, இவளைவிட நான்கைந்து வயது சின்னவள். இத்தனை மாதத்தில் இருவரும் அழிரப்பர், அளவுகோல், மின்விசிறியைக் கூட்டவா குறைக்கவா என்பதைத் தாண்டிப் பெரிதாக எதுவும் பேசிக்கொண்டதில்லை. பானு ஒரு தடவை பார்த்தாள், தன் வேலையைப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். "என்னக்கா, உடம்பு முடியலையா?" தலைவலி என்று சொல்லத்தான் செண்பகவல்லி வாயைத் திறந்தாள். ரயிலில் டீச்சரிடம் வந்த அதே வேகத்தில் அந்தத் தலைவலியும் நாக்குநுனிக்கு வந்துவிட்டது. அப்படியே நிறுத்திக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர் எங்கிட்டப் பொய் சொல்லிட்டாரு பானு. இங்க வாரேன் வாரேன்னு ஏழு மாசமாச் சொன்னாரு. அவருக்கு வர இஷ்டம் இல்ல." சொல்லி முடித்ததும் பயம் வந்தது. இப்போது இவளும் சொல்லப் போகிறாள், ஆம்பளைங்க அப்படித்தான்க்கா, அவருக்கு என்ன கஷ்டமோ, கொஞ்சம் பொறுத்துப் போங்க. காத்திருந்தாள். பானு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டாள். அவரை அவளுக்குத் தெரியாது. இந்தக் கட்டடத்தில் யாருக்குமே அவரைத் தெரியாது என்பது செண்பகவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. "அவர் பேரு என்னக்கா?" என்று கேட்டாள் பானு. பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ படிவத்தில் அந்தப் பெயரை எழுதியிருக்கிறாள். வாயால் சொன்னதில்லை. டாக்டர் கேட்டால்கூடச் சீட்டில் எழுதிக் காட்டுவாள், இல்லை பிள்ளையைச் சொல்லச் சொல்வாள், அவளுக்கு அவர் எப்போதும் நிரஞ்சனா அப்பா.

"சங்கரநாராயணன்" என்றாள். முன் மேஜையில் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து திரும்பிப் பார்த்தார், அவ்வளவு சத்தமாக வந்திருந்தது.